கப்பல் பெட்டிகள் சொல்லும் வரலாறு

மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் பழைய பயணிகள் கப்பல்களுக்கென்று தனிக் கூடங்கள் உண்டு. முதல் வகுப்பு விருந்தின் உணவுப் பட்டியல், கப்பல் நிறுவனத்தின் முத்திரை பொறித்த வெள்ளிக் கரண்டி, தளத்தில் நின்று எடுத்த நிழற்படம் ஆகியவற்றை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் காணலாம். நம் முன்னோரும் அதே காலத்தில், அதே ஆவிக்கப்பல்களில்தான் கடல் கடந்தனர். ஆயினும் அவர்களுக்கு விருந்தும் இல்லை, உணவுப் பட்டியலும் இல்லை. திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள். ஆகவே அவர்கள் விட்டுச் சென்ற நினைவுப் பொருள்களும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பயண நினைவு என்பதைவிடப் பயணச் சான்று என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.

பந்தல்குடி கடற்கரை ஊரன்று. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடிச் சாலையில் அமைந்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்மாவட்டங்களை வாட்டியது. அதே 1876இல்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப் பாதையும் வந்து சேர்ந்தது. பசி ஊரைவிட்டுத் தள்ளிய வேளையில் துறைமுகமும் நெருங்கி வந்துவிட்டது. அருப்புக்கோட்டைக்கு இரயில் வருவதற்கோ 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை இவ்வட்டாரத்தார் மாட்டு வண்டியில் விருதுநகருக்கோ சாத்தூருக்கோ சென்று இரயிலேறினர். அல்லது எட்டயபுரம் வழியாக வண்டியிலேயே கடற்கரை சேர்ந்தனர். தூத்துக்குடியில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரமிடும். தோணியேறிச் சென்றுதான் கப்பலைத் தொடவேண்டும். அபிராமம், இளையான்குடி, வீரசோழன் போன்ற அண்டை ஊர்களைப் போலவே இவ்வறண்ட நிலத்திலும் ‘சபராளி’ என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. சபர் என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஆனால் நம் பெண்களின் வாயில் அது ஆண்டுக்கணக்கான பிரிவையும் குறித்தது.

இங்கே ஒரு குடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் அளித்தார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் 1907இல் வந்து சேர்ந்தன. அவற்றை வீழ்த்த ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பின்னர் இலவசப் பயணம் என்றது. அதற்கு மேல் ஒரு குடையும் தருவதாக அறிவித்தது. அந்தக் குடைகளில் ஒன்றுகூட இன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. எந்த வீட்டுப் பரணிலாவது அப்படியொன்று கிடைக்குமாயின், அது ஒரு சுதேசிக் கப்பலை மூழ்கடிக்கக் கொடுத்த கூலி என்று எழுதி வைக்கலாம்.

எஞ்சியிருப்பவற்றுள் முதலிடம் தகரப் பெட்டிக்கே உரியது. அடர் பச்சை அல்லது கறுப்புச் சாயம், பித்தளைத் தாழ்ப்பாள், மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும். கப்பலின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கிடையே தன் பெட்டியை இனங்காண எழுதிய எழுத்து அது. இன்று அதுவே காலக்கணிப்புக்கு உதவுகிறது. ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று எழுதியிருப்பின் அவ்வெழுத்து 1910க்குப் பிற்பட்டது. அவ்வாண்டில்தான் அம்மாவட்டம் உருவாயிற்று. பெட்டியினுள்ளே பர்மிய அரக்குச் செப்பு, மங்குத் தட்டு, நான்கு பேர் சூழ்ந்துண்ணும் சஹன், அரபுத்தமிழில் எழுதிய கடிதக் கட்டு ஆகியவை இருக்கலாம்.

இவற்றை வெறும் பழம்பொருள் என்று ஒதுக்கலாகாது. 1937இல் பிரிக்கப்படும் வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமே. எனவே இரங்கூன் சென்றவருக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. அரசாங்கக் காகிதம் எதுவும் அவர் கையில் இல்லை. மலேயாவுக்குச் சென்றவரின் நிலையும் பெரிதும் மேம்பட்டதன்று. 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அக்கூட்டத்தில் ஒருவர் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கை மட்டுமே. அவர் போனார், வந்தார் என்பதற்குப் பேரனிடம் மிஞ்சும் சாட்சி அப்பெட்டிதான்.

அதுவும் எல்லோருக்கும் மிஞ்சவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களால் பெட்டியைச் சுமக்க இயலவில்லை. 1964இல் அங்கே கடைகள் நாட்டுடைமையானபின் கப்பலேறி வந்தவர்கள், நகையையும் பணத்தையும் சுங்கச் சோதனையில் இழந்தனர். ஆதலால் ஒரு குடும்பத்தில் இரங்கூன் பொருள் எதுவும் இல்லை என்பதாலேயே அக்குடும்பம் இரங்கூன் செல்லவில்லை என்று முடிவு கட்ட இயலாது.

ஹஜ் பயணப் பொருள்கள் இவற்றினின்றும் வேறுபட்டவை. மும்பை வரை இரயில், அங்கிருந்து ஜித்தா வரை கப்பல் என்பதே நெடுங்கால வழக்கம். இடையில் செங்கடலின் கமரான் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவல். 1882 முதல் செயற்பட்ட அந்நிலையத்தில் ஹாஜிகளின் உடைகளை நீராவியிலிட்டுத் தூய்மை செய்தனர். அத்தனையும் கடந்து வீடு வந்தவை ஈயம் பற்றவைத்த தகரக் குப்பியில் ஜம்ஜம் நீர், தஸ்பீஹ் மணி, சுருமா, அத்தர். யாவற்றினும் மேலாகப் போற்றப்பட்டது ஜம்ஜமில் நனைத்துக் கொணர்ந்த கஃபன் துணி. அது எந்த இல்லத்திலும் காணக்கிடைக்காது. உரியவருடன் மண்ணுக்குள் சென்றுவிட்டது.

காகிதங்களும் உண்டு. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கென 10, 100 ரூபாய்த் தனித் தாள்களை வெளியிட்டது. ‘எச்.ஏ.’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணுடைய அத்தாள்களை இன்று நாணயச் சேகரிப்பாளர்கள் பெருவிலைக்கு வாங்குகின்றனர். நம் வீடுகளிலோ அவை செல்லாத நோட்டு எனக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாயின. ஹஜ் கப்பல்களும் 1995உடன் நின்றன. கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றோர் தலைமுறை நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து இது இன்னது என்று சொல்ல ஆளில்லாதபோது, அது எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கித்தாபுகளையும் ஏடுகளையும் தேடித் தொகுத்த நம் அறிஞர் பெருமக்கள் இப்பெட்டிகளின் பக்கம் திரும்பாதது வியப்பளிக்கிறது.

அந்தக் காகிதங்களில் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. வறிய ஹாஜிகள் ஜித்தாவில் கைவிடப்பட்டுத் தவிப்பதைத் தடுக்க, 1925இல் ஆங்கில அரசு சட்டமொன்று இயற்றியது. அதன்படி ஹாஜிகள் திரும்பும் சீட்டையும் முன்னரே வாங்க வேண்டும். இல்லையேல் அதற்கான தொகையை முன்பணமாகக் கட்டவேண்டும். மக்காவிலேயே மௌத்தாகி அடக்கமானவரின் திரும்பும் சீட்டுக்குரிய பணத்தை வாரிசுகள் கேட்டுப் பெறலாம். அச்சீட்டை ஒப்படைத்தவர்களிடம் இன்று சீட்டு இல்லை. பயன்படுத்தாத பாதிச் சீட்டு ஒரு பெட்டியின் அடியில் இன்றும் கிடக்குமாயின், அக்குடும்பத்தார் சட்டம் அறியாதவராக இருக்கலாம். அல்லது அந்தப் பணத்தைக் காட்டிலும், அவர் கைபட்ட அந்தத் துண்டுக் காகிதமே தங்களிடம் இருக்கட்டும் என்று எண்ணியவராகவும் இருக்கலாம்.