கலோரிமீட்டர்: கசியாத பாத்திரம் தேடிய கதை

வேதியியலில் கலோரிமீட்டர் கணக்கு எதை எடுத்தாலும் கூடவே ஒரு வரி வரும்: ‘வெப்பம் வெளியே செல்லவில்லை எனக் கொள்க.’ மாணவர் பலர் அதைத் தாண்டிக் கணக்குக்குள் போய்விடுகிறார்கள். அந்த வரியை மெய்யாக்கத்தான் வெப்பத்தை அளக்கும் இந்தக் கருவியே பிறந்தது.

1782-83 குளிர்காலத்தில் பாரிசில் பிரெஞ்சு அறிஞர்கள் லவாய்சியரும் லாப்லாசும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறைகள் கொண்ட பாத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். நடுவே ஆராயும் பொருள். சுற்றிலும் பனிக்கட்டி, அதற்கும் வெளியே இன்னொரு அடுக்குப் பனிக்கட்டி. வெளியிலிருந்து வரும் வெப்பத்தை வெளியடுக்கு வாங்கி உருகிவிடும். ஆகவே உள்ளடுக்கு உருகினால் அது நடுவிலிருக்கும் பொருளின் வேலை. வடிந்த நீரை நிறுத்தால் வெப்பத்தின் அளவு தெரிந்துவிடும். கினிப் பன்றி ஒன்றை உள்ளே வைத்து, சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்று அவர்கள் கண்டது அறிவியலின் பேரழகான முடிவுகளுள் ஒன்று.

பெயர் பிறகுதான் வந்தது. 1789-இல் வெளியான தம் வேதியியல் நூலில் லவாய்சியர் அதைக் கலோரிமீட்டர் என்றார். வெப்பத்தைக் குறிக்கும் லத்தீன் ‘கலோர்’, அளவைக் குறிக்கும் கிரேக்க ‘மெட்ரான்’. இந்தக் கலப்பு குறைசொல்ல இடம்தரும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கு வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்ற எடையற்ற பாய்மம். ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் கூடியாக வேண்டும்.

ஆனால் பீரங்கிக் குழாயைத் துளைக்கையில் வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருப்பதை 1798-இல் ரம்ஃபோர்டு என்ற அறிஞர் காட்டினார். வேலை வெப்பமாக மாறுவதை அளந்து 1840-களில் இயற்பியலாளர் ஜூல் செய்த சோதனைகளோடு பாய்மக் கொள்கை சரிந்தது. ஆனாலும் ‘இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்’ என்ற சமன்பாடு பிழைத்தது; இப்போது அதைத் தாங்குவது ஆற்றல் அழியா விதி.

பனிக்கட்டி முறையிலும் ஓட்டை இருந்தது. உருகிய நீரில் ஒரு பங்கு பனிக்கட்டியிலேயே தங்கிவிடுகிறது என்றார் ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் வெட்ஜ்வுட். அளக்கும் பாத்திரமே ஒரு பங்கை வைத்துக்கொள்ளும் இந்தச் சிக்கல் இன்று ஆய்வகத்தில் கலோரிமீட்டராகப் பயன்படும் தெர்மோகோல் குவளையிலும் உண்டு.

50 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 50 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடும், இரண்டும் 1 மோலார் செறிவில், அந்தக் குவளையில் கலக்கப்படுவதாகக் கொள்வோம். கரைசலின் நிறை 100 கிராம், தன்வெப்பம் தண்ணீருடையதைப் போல கிராமுக்கு, டிகிரிக்கு 4.18 ஜூல், குவளை எதையும் உறிஞ்சாது: இவை அனைத்தும் அனுமானங்களே. மூடியில்லாக் குவளையில் அழுத்தம் மாறாததால், அளந்த வெப்பத்தையே என்தால்பி மாற்றமாக எழுதுகிறோம். நடுநிலையாக்கலில் ஒரு மோலுக்குச் சுமார் 57.3 கிலோஜூல் வெளிப்படும். அதன்படி வெப்பநிலை ஏறத்தாழ 6.9 டிகிரி ஏற வேண்டும். ஆய்வகத்தில் 6.6 டிகிரி மட்டும் ஏறினால் விடை 55-ஆகக் குறையும். மீதியைத் தேட வேண்டிய இடங்கள் குவளைச் சுவர், வெப்பமானி, திறந்த வாய்க்கு மேலுள்ள காற்று.