கிறுகும் ஆமை: கல்முனைக் கரையில் செய்நிரல் கற்பித்தலும் பேச்சுமொழியும்

“வலது 90” என்ற கட்டளையை முதன்முறை பார்க்கும் பிள்ளை, திரையிலுள்ள ஆமை வலப்பக்கமாக 90 அடி நகரும் என்று எதிர்பார்க்கிறது. ஆமையோ நின்ற இடத்திலேயே முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறது. தவறு பிள்ளையுடையதன்று. “வலது” என்பதில் வினையே இல்லை. “திரும்பு” என்று மாற்றினாலும் ஊர் திரும்புவது, வீடு திரும்புவது என்ற பொருளும் கூடவே வந்து நிற்கும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வீடுகளில் இதற்கென்றே ஒரு வினை வழங்குகிறது: கிறுகு. உடம்பையோ தலையையோ வேறு பக்கம் திருப்புவதே அதன் பொருள். திரையில் ஆமையை நகர்த்திப் படம் வரையும் ஆமை வரைகலையை இக்கரையில் கற்பிக்க ஏற்ற சொல் இதுவே; பாடநூல் தமிழில் உருவாக்கப்படும் கலைச்சொல் இந்த இடத்தை நிரப்பாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் 1967இல் லோகோ என்ற செய்நிரல் மொழியை உருவாக்கியபோது அதில் ஆமை இல்லை, பின்னர்தான் சேர்ந்தது. பெயர், 1940களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்ட்டர் செய்த இயந்திர ஆமைகளிலிருந்து வந்தது. ஆமைக்கு இரண்டே பண்புகள்: அது நிற்கும் இடம், அது பார்க்கும் திசை. பிள்ளை தன் உடம்பை ஆமையின் இடத்தில் வைத்து நினைத்துப் பார்க்க முடிவதே இம்முறையின் உயிர் என்று பேப்பர்ட் 1980இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். உடம்பால் நினைக்க வேண்டுமானால், உடம்புக்குக் கட்டளையிடும் சொல் வீட்டுச் சொல்லாக இருக்க வேண்டாமா?

திசையைப் பொறுத்தும் இக்கரைக்குத் தனியான கவனம் வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல். ஆகவே “கடற்பக்கம் போ”, “வயற்பக்கம் போ” என்று வழி சொல்வது எளிது. இவை நடப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாறாத திசைகள். ஆமையின் வலமும் இடமும் அப்படியல்ல. அது கிறுகக் கிறுக அவையும் கூடவே மாறும். தொழுகையில் மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி நிற்கும் முஸ்லிம் பிள்ளைக்குக் கடல் முதுகுப்புறம். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்கும்போது முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் முகத்தைத் திருப்புகிறது. மாறாத திசை, உடம்போடு மாறும் திசை ஆகிய இரண்டையும் அது நாள்தோறும் அறிந்தே செய்கிறது. ஆசிரியர் இவ்வேறுபாட்டை வகுப்பில் எடுத்துப் பேச வேண்டும்; பேசாமல் விட்டால் குழப்பம் மிஞ்சும்.

ஒரு முக்கோணத்தைப் பார்ப்போம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கணித பாடம் சொல்லியிருக்கிறது. பிள்ளை “100 முன்னுக்குப் போ, 60 கிறுகு” என்று மூன்று முறை எழுதுகிறது. திரையில் வருவது வாய் பிளந்த அரை அறுகோணம். இப்போது விடையைச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளையை எழுப்பி, மணலில் முக்கோணம் கீறி, அதன் மேல் நடக்க விட வேண்டும். மூலையில் கால் நின்றதும், வந்த போக்கிலேயே முன்னோக்கிப் பார்த்தபடி எவ்வளவு கிறுகினால் அடுத்த கோட்டைப் பார்க்கலாம் என்று கேட்க வேண்டும். 120 பாகை என்பது அப்போது இடுப்பிலேயே தெரியும். மூன்று மூலையிலும் சேர்த்து ஒரு முழுச் சுற்று, 360. பள்ளிவாசல் அலங்காரங்களில் காணும் எட்டு முனை நட்சத்திரத்தின் ஒரு வகையை, 135 பாகை வீதம் எட்டு முறை கிறுகி ஒரே கோட்டில் வரையலாம். கூட்டினால் 1080, அதாவது சரியாக மூன்று சுற்று. அதனால்தான் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது.

கல்முனையை அடுத்த மருதமுனைக் கைத்தறியையும் இப்பாடத்தோடு இணைக்கலாமே என்று தோன்றும். அதில் எனக்கு உடன்பாடில்லை. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமான கட்டங்கள். அங்கே நடப்பவர் இல்லை, முகம் இல்லை. ஆயத்தளத்தைக் கற்பிக்கத் தறி மிக நல்ல துணை. ஆமைக்கு அது பொருந்தாது. ஊர்ப்பொருள் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பாடத்தில் திணித்தால் ஊருக்கும் பாடத்துக்கும் நியாயம் செய்ததாகாது.

லோகோ படித்ததனாலேயே பிள்ளைகளின் திட்டமிடும் திறன் உயரவில்லை என்று ராய் பீயும் மிடியன் கேர்லண்டும் 1984இல் காட்டினர். இம்மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது, கருவியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றால் பயன் தானே விளையாது என்பதையே காட்டுகிறது. ஆசிரியரின் சொல்லும் கேள்வியும் இங்கேதான் தேவைப்படுகின்றன.

சொல்லைப் பொறுத்தவரை ஒரு முன்மாதிரி உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ்ச் செய்நிரல் மொழியில் நிபந்தனை முன்னேயும் “ஆனால்” பின்னேயும் வரும். தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு அது. சொல்லைப் பெயர்த்தால் போதாது, தொடரின் ஒழுங்கையும் மாற்ற வேண்டும் என்று கண்ட முயற்சி. அதையடுத்துச் செய்ய வேண்டியது வட்டாரச் சொல்லுக்கு இடம் தருவது. உயர்தர மாணவர் படிக்கும் பைதனுடனேயே ஆமைத் தொகுதி வருகிறது. பைதன் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். ஆசிரியர் ஒருவர் “கிறுகு” என்ற பெயரில் சிறிய செயற்கூறொன்றை எழுதி, பாகையை அதற்குள் கொடுத்து, தொகுதியின் வலத்திருப்பத்தை அழைத்தால் போதும். இரண்டு வரி வேலை. எண் அடைப்புக்குறிக்குள் பின்னேதான் நிற்கும். அந்த ஒழுங்கைப் பைதனில் மாற்ற இயலாது. எனவே முதல் வாரம் கணினியைத் திறக்காமல், “90 கிறுகு, மறுகா (பிறகு) 50 முன்னுக்குப் போ” என்று முற்றத்தில் ஒரு பிள்ளை சொல்ல மற்றப் பிள்ளை நடக்கட்டும். விசைப்பலகை இரண்டாம் வாரம் வரட்டும்.