பெருக்கித் தீராத பேரேடு

போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் விலையின்றிக் கிடைப்பது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் அதனைப் பேணுவோர் படும் பாடு சிறிதன்று. அப்பாட்டின் வேரை நாடினால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சிக்கே செல்லவேண்டும்.

அதற்குத் தலைமை தாங்கியவர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர். பழைய கணக்கப்பிள்ளைகள் பிழைபட்ட தொகையைச் சுரண்டி எழுதமாட்டார்கள். அவ்வரியை அப்படியே விட்டுப் புதுவரி சேர்ப்பார்கள். அவர் குழுவினர் கொண்ட முறையும் அதுவே. பதிவொன்று மாறினால் பழையது அழியாது. புதியது வேறாக எழுதப்படும். சென்ற ஆண்டு இதே நாளில் ஒரு கணக்கு எவ்வாறிருந்தது என்று கேட்டாலும் ஏடு விடை கூறவேண்டும் என்பது அவர்கள் வேட்கை. தேங்கும் பழம்பதிவுகளை 'வேக்குவம்' என்னும் துப்புரவு நிரல் ஒளித்தட்டுக்கு மாற்றும் என்பது 1987ஆம் ஆண்டுத் திட்டம். அழகிய கனவுதான்!

1996இல் போஸ்ட்கிரஸ்கியூஎல் எனப் பெயர் மாறி, அது தன்னார்வலர் கைக்கு வந்தது. இறந்தகாலத்தைத் திரும்பிப் பார்க்கும் வசதியை அவர்கள் 1997இல் நீக்கினர். பயன் போயிற்று, குப்பை நின்றது. எனினும் 1999இல் வந்த 6.5 பதிப்பு அப்பழம்பதிவுகளுக்கே வேறொரு பயன் கண்டது. ஒருவர் எழுதும்போது மற்றவர் பழைய வரியைத் தடையின்றிப் படிக்கலாயினர்.

பெருக்கும் வேலைதான் ஓயவில்லை. 2002இல் 7.2 பதிப்பு வரும்வரை, கடையை அடைத்துவிட்டுப் பெருக்குவதுபோல், அட்டவணை முழுவதையும் பூட்டியே துப்புரவு செய்தனர். தானே இயங்கும் துப்புரவு 2005இல் உள்ளே சேர்ந்தது. 2008 முதல் இயல்பாகவே இயங்குகிறது.

இதனினும் கொடியது எண் சிக்கல். தரவை மாற்றும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 32 பிட் எண் உண்டு. அவ்வெண்கள் ஏறத்தாழ 429 கோடி. தீர்ந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வரும். பழம்பதிவுகளுக்கு 'உறைந்தது' என்ற முத்திரையை வேக்குவம் உரிய காலத்தில் இடவேண்டும். இடாவிடின் நேற்றைய பதிவு நாளையதாகத் தோன்றிக் கண்ணுக்கு மறைந்துவிடும். அவ்விபத்தைத் தடுக்க, எல்லை நெருங்கும்போது தரவுத்தளம் எதையும் எழுத மறுத்துவிடும். வணிகம் நின்றுபோகும்.

இத்தனைக்கும் ஒரு சிறு மறதி போதும். யாரோ ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி முடிக்காமலே விட்டுச்செல்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியவேண்டிய பழைய வரிகளை வேக்குவம் தொடலாகாது. அது முறைப்படி வரும், பார்க்கும், வெறுங்கையோடு திரும்பும். அட்டவணையோ வீங்கிக்கொண்டே போகும்.