கொங்கு நாடு தனி மாநிலக் கோரிக்கை

கொங்கு நாடு தனி மாநிலக் கோரிக்கை என்பது தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களைப் பிரித்து, இந்திய ஒன்றியத்துக்குள் ஒரு புதிய மாநிலம் அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கை ஆகும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரி, கரூர், நாமக்கல், சேலம் முதலிய மாவட்டங்கள் இதில் அடங்கும் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. எனினும் எல்லை குறித்து ஒருமித்த கருத்து இல்லை. இது நாட்டு விடுதலைக் கோரிக்கை அன்று.

பின்னணி

2021 ஜூலையில் ஒன்றிய இணையமைச்சராகப் பொறுப்பேற்ற எல். முருகனின் அதிகாரப்பூர்வத் தன்விவரக் குறிப்பில் அவரது ஊர் "கொங்கு நாடு" எனக் குறிக்கப்பட்டதை அடுத்து இக்கோரிக்கை பரவலாகப் பேசப்பட்டது. திமுக, அதிமுக உள்ளிட்ட கட்சிகள் பிரிவினையை எதிர்த்தன. தமிழ்நாட்டைப் பிரிக்கும் திட்டம் எதுவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு மக்களவையில் தெரிவித்தது.

ஆதரவு வாதங்கள்

* பின்னலாடை, விசைத்தறி, பம்பு உற்பத்தி போன்ற தொழில்களால் இப்பகுதி ஈட்டித் தரும் வருவாய்க்கு ஏற்ற ஒதுக்கீடு கிடைப்பதில்லை.
* தலைநகர் சென்னை திருப்பூரிலிருந்து சுமார் 450 கி.மீ. தொலைவில் உள்ளது. தென்மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை உண்டு. கொங்குப் பகுதிக்கு இல்லை.
* அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எதிர்ப்பு வாதங்கள்

* அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. எனவே பிரிவினை இன்றியே குறைகளைத் தீர்க்க இயலும்.
* மேட்டூர், பவானிசாகர், அமராவதி அணைகள் புதிய மாநிலத்தில் அமையும். அவ்வாறாயின் காவிரிப் படுகை உழவர்கள் மற்றுமொரு மாநிலத்திடம் நீர் கோர வேண்டியிருக்கும்.
* திருப்பூர் ஆலைகளில் தென்மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் பெருமளவில் பணிபுரிகின்றனர். ஏற்றுமதிச் சரக்கு தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களைச் சார்ந்துள்ளது. ஏற்றுமதிக் கொள்கையோ ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது.
* புதிய மாநிலத்தில் ஒரு சமுதாயத்தின் ஆதிக்கம் ஓங்கி, பட்டியல் சாதியினர் முதலியோர் பாதிக்கப்படலாம்.

வாக்கெடுப்பும் சட்டமும்

ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பர் 18 அன்று விடுதலை குறித்துப் பொது வாக்கெடுப்பு நடந்தது; 55.3% வாக்காளர்கள் பிரிவினையை மறுத்தனர். இந்தியாவில் புதிய மாநிலம் அமைக்க அத்தகைய வாக்கெடுப்பு தேவையில்லை. அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாநிலத்தைப் பிரிக்கலாம். குடியரசுத் தலைவர் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார். ஆனால் அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் மறுப்புத் தெரிவித்த போதும், அவ்வாண்டு ஜூன் 2 அன்று தெலங்காணா உருவானது. ஆகவே இக்கோரிக்கையில் அப்பகுதி மக்களின் விருப்பத்தை நேரடியாக அறியச் சட்டத்தில் வழிமுறை எதுவும் வகுக்கப்படவில்லை.