உளவியலாளர் மேரி கால்கின்ஸும் ஹார்வர்டு மறுத்த பட்டமும்

உளவியலின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் வில்ஹெல்ம் வுண்ட், வில்லியம் ஜேம்ஸ், சிக்மண்ட் ஃப்ராய்டு, இவான் பாவ்லோவ் முதலிய சில பெயர்களின் வழியே நடந்து செல்வன. அப்பெயர்களுக்கு இடையே அடிக்குறிப்பளவில் நின்றுவிட்ட பெயர் ஒன்று உண்டு. நினைவாற்றலை ஆராயும் ஆய்வகங்களில் நூறாண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் ஒரு சோதனை முறையை வகுத்தவர் அமெரிக்க நாட்டு மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார் (1863-1930). அம்முறை பரவிய அளவிற்கு அவர் பெயர் பரவவில்லை.

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த இவர், கிறித்தவ சமயப் போதகர் ஒருவரின் மூத்த மகள். ஸ்மித் கல்லூரியில் செவ்வியல் மொழிகளும் மெய்யியலும் பயின்று 1885இல் பட்டம் பெற்றார். 1887இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி ஆசிரியராகப் பணியேற்றார். மொழியாசிரியராகவே அவர் வாழ்வு கழிந்திருக்கக் கூடும். ஆனால் அக்கல்லூரி அப்போது புதிதாகத் தோன்றிய உளவியலைக் கற்பிக்க ஆள் தேடிற்று. ஓராண்டேனும் அத்துறையை முறையாகப் பயின்று வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பொறுப்பு கிரேக்க ஆசிரியர்க்கே அளிக்கப்பட்டது.

எங்கே பயில்வது? அருகில் இருந்தது ஹார்வர்டு. வில்லியம் ஜேம்ஸும் ஜோசையா ராய்ஸும் அங்கே ஆசிரியர்கள். இருவரும் இவரை ஏற்க அணியமாயிருந்தனர். தலைவர் எலியட் இசையவில்லை. ஆடவர்க்குரிய வகுப்பறையில் பெண்ணொருத்தி அமர்வதை நிருவாகம் விரும்பவில்லை. தந்தையார் விண்ணப்பம் எழுதினார், ஜேம்ஸ் வாதாடினார். 1890 அக்டோபரில் அனுமதி கிட்டியது. வகுப்பில் அமரலாம், ஆயின் அதனால் பல்கலைக்கழக மாணவராகப் பதிவுபெறும் உரிமை உண்டாகாது என்பதே அவ்வனுமதியின் வாசகம். விருந்தினர்க்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தது போன்றதொரு பெருந்தன்மை அது.

ஜேம்ஸின் உளவியல் கோட்பாடுகள் பற்றிய பெருநூல் அவ்வாண்டுதான் அச்சேறியிருந்தது. அவர் நடத்திய கருத்தரங்க வகுப்பில் கால்கின்ஸுடன் நான்கு ஆடவர் சேர்ந்திருந்தனர். சில வாரங்களுக்குள் நால்வரும் விலகிவிட்டனர். எஞ்சியவர் ஆசிரியரும் பதிவுபெறாத இம்மாணவியுமே. நூலகத்துக் கணப்படுப்பின் இருபுறமும் அமர்ந்து, அந்நூலை நடுவில் வைத்து இருவரும் உரையாடியதைத் தம் இறுதிக் காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் அம்மையார் நினைவுகூர்ந்துள்ளார்.

1891இல் வெல்லெஸ்லிக்குத் திரும்பிய அவர், கிளார்க் பல்கலைக்கழகத்து எட்மண்ட் சான்ஃபோர்டின் துணையோடு ஓர் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். மகளிர் கல்லூரி ஒன்றில் அமைந்த முதல் உளவியல் ஆய்வகம் அதுவே எனக் கூறுவர். சான்ஃபோர்டும் இவரும் கனவுகளையும் ஆராய்ந்தனர். இரவின் வெவ்வேறு பொழுதுகளில் எழுப்பும்படி கடிகாரத்தை வைத்து, படுக்கையருகே தாளும் பென்சிலும் மெழுகுவத்தியும் கொண்டு, கண்விழித்த கணமே கனவை எழுதி வைத்தனர். இருவருடைய கனவுகளுமாக முந்நூற்றுக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. அண்மையில் கண்ட மனிதர், இடம், நிகழ்ச்சி ஆகியவையே கனவில் மிகுதியும் மீள வருகின்றன என்றும், விழிப்பு வாழ்வில் தலையாய கவலைகள் கனவில் அரிதாகவே தோன்றுகின்றன என்றும் அம்மையார் கண்டார். கனவைப் பெரிதும் நம்பும் கவிஞர்க்கு இம்முடிவு சற்றே ஏமாற்றம் தரலாம். 1893இல் வெளிவந்த அவ்வாய்வை ஃப்ராய்டு தம் கனவு விளக்க நூலில் எடுத்துக்காட்டியிருப்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அம்மையாரின் தலையாய பணி நினைவு பற்றியதாகும். அதன் அருமையை உணர அவர்க்கு முற்பட்ட ஒருவரை நோக்குதல் வேண்டும். ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹௌஸ் 1885இல் நினைவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பொருளுடைய சொற்களுக்குப் பழைய தொடர்புகள் பல இருக்கும். அவை அளவீட்டைக் குழப்பும். ஆதலின் அவர் பொருளற்ற அசைகளைச் சுமார் 2300 அளவில் ஆக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எத்தனை முறை ஓதினால் மனத்தில் நிற்கின்றன, எவ்வளவு காலத்தில் மறக்கின்றன எனத் தம்மையே சோதித்தார். ஒப்பீட்டிற்காகப் பைரனின் டான் ஹுவான் காவியத்திலிருந்தும் சில பகுதிகளை மனப்பாடம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே கவிதைக்கு வேண்டியிருந்தது. பொருளும் சந்தமும் இயைபுத் தொடையும் ஒரே மொழியில் கட்டுண்டதே இதற்குக் காரணம் என்றார் அவர். செய்யுளில் நூல் யாத்த முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று; அளந்து காட்டியதே புதிது.

எபிங்ஹௌஸின் முறையில் ஒரு குறை இருந்தது. வரிசை முழுவதையும் ஒருங்கே கற்று ஒருங்கே சோதிப்பதால், ஒரு பொருள் மற்றொரு பொருளை நினைவுக்கு அழைத்துவரும் அந்த ஒற்றைக் கண்ணியைத் தனியே பிரித்துக் காண இயலாது. கால்கின்ஸ் அக்கண்ணியையே பற்றினார். முதலில் ஒரு நிறம், அடுத்து ஓர் எண் என இணை இணையாகக் காட்டினார். பின்னர் நிறங்களை மட்டும் வரிசை மாற்றிக் காட்டி, உடன் தோன்றும் எண்ணை எழுதச் செய்தார். ஓர் இணை பலமுறை வந்தால் என்ன ஆகும்? எண் பளிச்சென்று கண்ணைக் கவருமாறு இருந்தால்? இணை வரிசையின் இறுதியில் வந்தால்? ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி அளந்தார். புதுமையும் பளிச்சிடுதலும் துணைசெய்கின்றன. ஆயினும் மீண்டும் மீண்டும் வருதலே எல்லாவற்றினும் உறுதியாகப் பிணிக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. பொருள்களுக்கிடையேயான இப்பிணைப்பை இயைபு என்றே சொல்லலாம். யாப்பு கற்றோர்க்கு அது வேறொரு வகையில் முன்பே பழகிய சொல்.

இவ்வாய்வு ஹார்வர்டின் உளவியல் ஆய்வகத்தில், 1892இல் ஜெர்மனியிலிருந்து அங்கு வந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க்கின் மேற்பார்வையில் நடைபெற்றது. மாணவர் அனைவரினும் இவரே வலியவர் எனக் கருதிய மூன்ஸ்டர்பெர்க், முனைவர் பட்டத்திற்குரியவராக இவரை ஏற்குமாறு 1894இல் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். பயனில்லை. எனினும் 1895 மே மாதத்தில் ஜேம்ஸ், ராய்ஸ், மூன்ஸ்டர்பெர்க் முதலானோர் கூடி, அனுமதி எதுவுமின்றியே வாய்மொழித் தேர்வு நடத்தினர். முனைவர் பட்டத்திற்குரிய தகுதிகள் அனைத்தையும் இவர் நிறைவு செய்துள்ளார் என ஒருமனதாக எழுதினர். ஹார்வர்டில் தாம் கண்ட தேர்வுகளில் இதுவே மிகச் சிறந்தது என்பது ஜேம்ஸின் கருத்து. பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. காரணம் ஒன்றே, தேர்வு எழுதியவர் பெண்.

காலம் அப்படிப்பட்டது என்று கூறி இதனைக் கடந்துவிடல் ஆகாது. அதற்கு முந்திய ஆண்டில்தான், 1894இல், கார்னெல் பல்கலைக்கழகம் மார்கரெட் ஃப்ளாய் வாஷ்பர்ன் அம்மையார்க்கு உளவியலில் முனைவர் பட்டம் அளித்திருந்தது. மறுபுறம், 1882இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் படிப்பை நிறைவுசெய்த கிறிஸ்டின் லாட் ஃபிராங்க்ளின் தம் பட்டத்தை 1926இல்தான் கையில் பெற்றார். இடையில் 44 ஆண்டுகள்.

கால்கின்ஸுக்கு 1902இல் ஒரு மாற்று வழி காட்டப்பட்டது. ஹார்வர்டை ஒட்டிய மகளிர் கல்லூரியான ராட்கிளிஃப், ஹார்வர்டில் ஆய்வு முடித்த பெண்கள் நால்வர்க்குத் தன் பெயரில் முனைவர் பட்டம் தர முன்வந்தது. மற்ற மூவரும் ஏற்றனர். மூன்ஸ்டர்பெர்க்கும் ஏற்குமாறு வற்புறுத்தினார். அம்மையார் ஏற்கவில்லை. அவர் எழுதிய மறுமொழியில் சினம் இல்லை. ஏற்றுக்கொண்ட மூவரின் புலமையை மதிப்பதாகக் கூறினார். பட்டம் இல்லாமை தமக்கு அவ்வப்போது இடையூறாக இருப்பதையும், ஹார்வர்டின் பட்டம் இனிப் பெண்களுக்குத் திறக்குமா என்பது ஐயமே என்பதையும் மறைக்கவில்லை. இருந்தும், ராட்கிளிஃப் இப்பட்டத்தை வழங்காதிருப்பதே கல்விக்கு நன்று என்று தாம் கருதுவதால், எளிய வழியை மேற்கொள்ளுதல் தமக்கு முறையாகாது என்றார். அவர் கற்றதும் ஆய்ந்ததும் தேர்வு கொடுத்ததும் ஹார்வர்டில், ராட்கிளிஃபில் அன்று. ஒரு கல்லூரியின் கடனை மற்றொரு கல்லூரி தீர்க்க அவர் ஒப்பவில்லை. ஏற்ற மூவரைக் குறைகூறுதல் நேர்மையாகாது. பிழைப்பிற்கும் பதவிக்கும் பட்டம் வேண்டியிருந்த காலம் அது. ஆயினும் தமக்கு இழப்பென்று தெரிந்தே மறுத்தவரின் துணிவு தனித்து நிற்கின்றது.

பட்டம் இல்லாத இப்பேராசிரியரை 1905இல் அமெரிக்க உளவியல் கழகம் தன் தலைவராகத் தேர்ந்தது. அப்பதவி பெற்ற முதல் பெண் இவரே. 1918இல் அமெரிக்க மெய்யியல் கழகத்திற்கும் முதல் பெண் தலைவரானார். இதற்குள் அவர் நாட்டம் 'தான்' என்னும் உணர்வைப் பற்றிய உளவியலுக்குத் திரும்பியிருந்தது. ஓர் எண்ணம் இருக்குமாயின் அதனை எண்ணும் ஒருவர் இருத்தல் வேண்டும். அவரும் பிறரோடு உறவுடையவராகவே இருப்பர் என்பது அவர் கொள்கை. 1913இல் ஜான் வாட்சன் உள்ளத்தையே விலக்கி நடத்தையை மட்டும் ஆராயப் புகுந்தபின், அமெரிக்க உளவியலில் இக்கொள்கைக்குச் செவிசாய்ப்போர் குறைந்தனர். அம்மையார் மட்டும் இறுதிவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

இணைமுறையோ வேறு கைகளுக்குச் சென்றது. ஜெர்மனியில் ஜி. ஈ. முல்லரும் பில்ட்செக்கரும் அதனைத் திருத்தி விரிவாக்கி 1900இல் வெளியிட்டனர். அவர்கள் வழியாகவே பலர் அதனை அறிந்தனர்.

1927இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற உளவியலாளரும் மெய்யியலாளரும் சேர்ந்து, கால்கின்ஸுக்கு அப்பட்டத்தை வழங்குமாறு பல்கலைக்கழகத்தை வேண்டினர். அவ்வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. 1929இல் வெல்லெஸ்லியிலிருந்து ஓய்வுபெற்ற அம்மையார் 1930 பிப்ரவரியில் மறைந்தார். ராட்கிளிஃப் மாணவியர்க்கு ஹார்வர்டின் பெயரிலேயே பட்டங்கள் வழங்கப்படலானது 1963இல். அவர் பிறந்து சரியாக நூறாண்டுகள் கழிந்த பின்னர்.