எங்க தெருவுக்கு வந்த கேமரா

கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டே பழகியவர்கள் நாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலுக்காக ஆட்களின் மூக்கும் மண்டையும் அளக்கப்பட்டன, படமும் எடுக்கப்பட்டது. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான். ஆளுக்குப் பேரில்லை.

அதற்கு முன்பே, 1900இல், கோடாக் கம்பெனி அமெரிக்காவில் ‘பிரௌனி’ பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. சின்னப்பிள்ளைகூட எடுக்கலாம் என்றார்கள். அந்தச் சுலபம் வள்ளியூரில் எங்க தெருவுக்கு வர எண்பது வருஷத்துக்கு மேலாச்சு.

அதுவரை ஸ்டூடியோதான். அங்கே வருகிறவர்களுக்கென்று கோட்டும் சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும். எங்க அய்யா சீப்பை எடுக்கப் போனபோது, “வீட்லயே சீவிட்டு வந்தா என்னல?” என்று கேட்டிருக்கிறார்கள். கோட்டைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆச்சிக்கு அதுவுமில்லை, செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த ஒரே படம்.

1980களின் கடைசியில், வளைகுடாவுக்குக் கொத்தவேலைக்குப் போன சித்தப்பா ஒரு யாஷிகா கொண்டாந்தார். தூரம் திருக வேண்டாம், கணக்குத் தெரிய வேண்டாம். பார்த்து அமுக்கினால் போதும். நாற்று நடுகிற சித்தி சிரித்தபடி படத்தில் விழுந்தது அப்போதுதான்.

மெஷினுக்குச் சாதி இல்லை என்று நினைத்தோம். ஆனால் கலர் பிரிண்டுக்கு நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். லேப் மெஷினோ படம் முழுவதையும் சராசரி வெளிச்சமாக்கித்தான் பிரிண்ட் போடும். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நின்றால் எங்க முகம் கரியாகிவிடும். பார்த்துப் பார்த்து, மண்சுவரையும் வேலியையும் தேடி நிற்கப் பழகினோம்.

1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து, வளைகுடாக் காசில் வாங்கிய டிவியையும் மின்விசிறியையும் நொறுக்கியது. 1999 ஜூலை 23இல் தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தை அடித்து விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். ஆற்றுக்குள்ளும் அடி விழுந்ததைப் பத்திரிகைக்காரர்களின் கேமரா காட்டியது. அந்தப் படங்கள் நாம் எப்படிச் சாகடிக்கப்பட்டோம் என்பதற்குச் சாட்சி. எப்படி வாழ்ந்தோம் என்பதற்குச் சாட்சி டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது.

அந்த நெகட்டிவ்களைப் பூஞ்சை அரிக்கிறது. வெளியே எடுங்கள். தெரிந்த கிழவிகளை உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். சாதியை அல்ல, பேரை.