தாழிக்குள் ஒரு பொற்பட்டம்

பாடசாலையில் உரோமர் சரித்திரம் படித்தபோது ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. இறந்தவனின் வாயில் ஒரு காசை வைத்துப் புதைக்கும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. மறுவுலகத்து ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்கு அது கூலியாம். வகுப்பில் நாங்கள் நகைத்தோம். வீட்டில் சொன்னபோது அப்பாயி நகைக்கவில்லை. "நாமளும்தான் நெத்தியிலே காசு வைக்கிறோம். அது எதுக்காம்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

அவ்வினாவே என்னை ஆதிச்சநல்லூர் வரை இழுத்துச் சென்றது. தாமிரபருணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, 114 ஏக்கர் பரப்புள்ள மேடு அது. நம் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பூர்வீகமான பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டம். அம்மேடு முழுவதும் இடுகாடே. இறந்தோரைப் பெரிய மண்தாழிகளில் இட்டு, பாறை நிலத்தைக் குடைந்து புதைத்திருக்கின்றனர்.

1876ஆம் ஆண்டில் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கு தோண்டிக் கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் நூதனசாலையைச் சேர்ந்தன. நெல் உமி, தினை உமி, இரும்பு வாள், ஈட்டி, எருமையும் சேவலும் அமைந்த வெண்கலப் பாத்திரங்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கியிருந்தனவாம். துக்கத்தில் நின்றோர் கையால் நிலத்திற் குத்தியவைபோல அவை காணப்பட்டதாக ரீ எழுதினார். சேவல், வேல், பொன் வாய்ப்பூட்டு ஆகியவற்றை முருக வழிபாட்டுடன் இணைத்துப் பார்த்த அறிஞர் உண்டு. கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஊவா மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

என்னை நிறுத்தியதோ பொற்பட்டம். மெல்லிய பொற்றகட்டை நீள்வட்டமாக வெட்டி, இறந்தோர் நெற்றியிற் கட்டியிருக்கின்றனர். 2004-05இல் அங்கு நடந்த அகழ்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 905, கி.மு. 696 எனக் கணிக்கப்பட்டது. அப்பாயியின் நெற்றிக்காசும் இப்பட்டமும் ஒன்றென்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் இறந்தவனை வெறும் நெற்றியோடு அனுப்ப மனம் ஒப்பாமை இரண்டிலும் தெரிகிறதே.

2023 ஆகஸ்டில் அவ்விடத்திலேயே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. குழியைத் தூர்க்காமல் மேலே கண்ணாடித் தளம் இட்டிருக்கின்றனர். அதன்மேல் நின்று, தாழிகள் கிடந்தவாறே கிடப்பதைக் காணலாம். "புதைத்ததைத் தோண்டுவது பாவம்" என்று நம் பெரியோர் சொல்லக்கூடும். அதை நான் அலட்சியம் செய்யேன். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். அத்தகைய தாழியைத் திறப்பவன் கை நடுங்கத்தான் வேண்டும். ஆனால் கடல் கடந்து பெட்டியில் கிடப்பதினும், சொந்த மண்ணில் ஊர்ப்பிள்ளைகள் குனிந்து பார்க்கக் கிடப்பது மேல் என்பதே என் கட்சி.

நம் இலங்கையிலும், வில்பத்துக் காட்டை அடுத்த பொம்பரிப்பில் இவை போன்ற தாழிகள் வெளிப்பட்டன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கல்லறைகளைத் திறந்தபடியே காட்சிக்கு வைத்துள்ளனர். கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்தவை அவை. வாய்ப்புள்ள அங்கத்தவர் போய்ப் பார்த்து வரலாம்.

இவற்றையெல்லாம் அப்பாயிக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையைக் காட்டினார். அங்கே முன்பு புதைகாடு இருந்ததாம். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அங்கே கிடப்போரில் பதினொருவர் பெயரை அவர் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது ஒரு சிறு பிள்ளை. அதற்குப் பெயர் வைக்கவில்லையாம். நெற்றியில் காசு மட்டும் வைத்தார்களாம்.